அண்ணன் பெயரில் இருந்த என் நோய்

எனக்குப் பதினோரு வயதாக இருந்தபோது, ஒரு மழைக்காலம் முழுவதும் என் நோய் என் பெயரில் இல்லை. அது பெரியப்பா மகனின் பெயரில், ஆவடியில் ஒரு ஃபேக்டரி ஆஸ்பத்திரியின் புத்தகத்தில் இருந்தது. வலி மட்டும் என்னிடம் இருந்தது.

வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவர்களுக்கு இதைச் சொன்னால் சட்டென்று புரியும். அதனால் உங்களுக்குத்தான் எழுதுகிறேன். நாமெல்லாம் பத்து வயதிலேயே வீட்டுக்குக் குமாஸ்தா. கரண்ட் பில்லைப் படித்துச் சொன்னோம், வங்கிச் சலானை நிரப்பினோம், அம்மாவின் கைநாட்டுக்குப் பக்கத்தில் அவள் பெயரை எழுதினோம். தெருவே மெச்சியது. ஆனால் டாக்டர் எழுதிய சீட்டை விரித்து வைத்துக்கொண்டு "இதுக்கு இன்னா அர்த்தம்?" என்று கேட்டால் மட்டும் பின்மண்டையில் ஒரு தட்டு விழுந்தது. உடம்பைப் பற்றிக் கேட்டால் நோய் பெரிதாகும். டாக்டரைக் கேட்டால் மரியாதைக் குறைவு. "அவுரு படிச்சவரு, அவுருக்குத் தெரியாதா?" என்பார்கள். நானும்தான் படித்துக்கொண்டிருந்தேன்.

அண்ணனூரில் ரயில் ஷெட்டின் மதில்சுவரை ஒட்டிய தெருவில் எங்கள் வீடு. ஷீட் கூரை. காலியான மின்சார ரயில்கள் உள்ளே திரும்பும்போது சக்கரம் தண்டவாளத்தை உரசும் நீளமான சத்தம் ஒன்று வரும், பல் கூசும். அப்பா சென்னீர்குப்பத்தில் நெடுஞ்சாலையோரக் குடோனில் மூட்டை இறக்கினார். அம்மா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில், தைத்த சட்டைகளில் நூல் பிசிர் வெட்டினாள். இரண்டு பேரும் பர்மனென்ட் கிடையாது. எங்கள் சொந்தத்தில் பர்மனென்ட் என்றால் அப்பாவின் அண்ணன், ஆவடி ஃபேக்டரியில் இருந்த என் பெரியப்பா, ஒருவர்தான். அவருக்கு குவாட்டர்ஸ் இருந்தது, மொபெட் இருந்தது, குடும்பத்துக்கே ஒரு மெடிக்கல் புக் இருந்தது.

புரட்டாசி மழை பிடித்தபோது எனக்குத் தொண்டை வலி வந்தது. உப்புத் தண்ணீர் கொப்பளித்தேன், போய்விட்டது. எல்லோரும் அதை மறந்துபோன பிறகு, மூன்றாவது வாரம், வலது முட்டி வீங்கியது. தொட்டால் சுட்டது. போர்வை பட்டாலே உயிர் போனது. அம்மா துணியில் கல் உப்பைக் கட்டித் தோசைக்கல்லில் சூடுபடுத்தி ஒத்தடம் கொடுத்தாள். இரண்டு நாளில் வீக்கம் வற்றியது. மறுநாள் காலையில் இடது கணுக்கால் வீங்கியிருந்தது.

"நேத்து வலது காலுன்ன, இன்னிக்கி எடது காலுன்ற. நாளிக்கி யார் காலுடா?" என்றாள் அம்மா.

வலி என்றால் ஓர் இடத்தில் நிற்க வேண்டும் என்பது அவள் எண்ணம். இடம் மாறுகிற வலி பள்ளிக்கூடத்துக்கு டிமிக்கி கொடுக்கிற வலி. இந்த நோயின் குணமே மூட்டுக்கு மூட்டு தாவுவதுதான் என்று பின்னால் தெரிந்துகொண்டபோது எனக்கு வந்த நிம்மதியை இன்றும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. நோயைவிட அந்தச் சந்தேகம்தான் அதிகம் வலித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வந்தார். நான் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன்.

"இன்னாடா நைனா, ரிட்டையர் ஆனவன் மாரி குந்திகினு கீற?"

எழுந்து நின்று காட்ட முயன்றேன். முடியவில்லை. அவர் சிரிப்பு நின்றது. குனிந்து என் முட்டியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு அப்பாவின் பக்கம் திரும்பினார்.

"எத்தினி நாளா கீது?"

"பத்து நாளா அண்ணே. தெருமுனை கிளினிக்ல ரெண்டு ஊசி போட்டான். கேக்கல."

"நம்ம ஃபேக்டரி ஆஸ்பத்திரி இன்னாத்துக்குடா கீது? ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னா?"

"அது உன் குடும்பத்துக்குத்தானே அண்ணே."

"அப்ப இவன் யாரு?" என்றார் பெரியப்பா. பேச்சு அதோடு முடிந்தது.

இதை எழுதும்போது அவரைக் குற்றவாளியாக நிறுத்திவிடக்கூடாது என்ற பயம் எனக்கு இருக்கிறது. அவரிடம் இருந்தவற்றிலேயே பெரியது அந்தப் புத்தகம். அதையும் அதிலிருந்த தன் ஒரே மகனின் பெயரையும் தூக்கி என்னிடம் கொடுத்தார். பிடிபட்டால் வேலை போகும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

மறுநாள் மொபெட்டில் என்னை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு போனார். அப்பா குடோனுக்கு மட்டம் போட்டுவிட்டு சைக்கிளில் பின்னால் வந்தார். வழி நெடுகப் பாடம் நடந்தது.

"உம் பேரு இன்னா?"

என் பெயரைச் சொன்னேன்.

"அது ஊட்ல. ஆஸ்பத்திரில இன்னா?"

அண்ணனின் பெயரைச் சொன்னேன். அவனுடைய பிறந்த தேதியைச் சொன்னேன். அவன் வகுப்பைச் சொன்னேன். அவன் என்னைவிட இரண்டு வயது பெரியவன், எட்டாவது படித்துக்கொண்டிருந்தான்.

"உங்க அப்பா பேரு?"

"உங்க பேரு."

"கரீட்டு," என்றார். பிறகு கண்ணாடியில் பின்னால் பார்த்தார். அப்பா மழைத் தண்ணீர் தேங்கிய பள்ளத்தில் இறங்கி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். "உள்ள போனா நீ வாயே தொறக்காத நைனா. எல்லாம் நான் பாத்துக்குறேன்."

கேட்டில் காவலுக்கு இருந்தவர் பெரியப்பாவின் பாஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், விட்டுவிட்டார். அப்பாவை விடவில்லை. அப்பா கேட்டுக்கு எதிரே தூங்குமூஞ்சி மரத்தடியில் சைக்கிளை நிறுத்திவிட்டு பஸ் வருகிற திசையைப் பார்த்து நின்றார். நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அவர் ஒரு முறைகூட எங்கள் பக்கம் திரும்பவில்லை. மாட்டிவிடக் கூடாது என்பதற்காக அப்படி நின்றார் என்பது இப்போது தெரிகிறது. அன்று எனக்கு அது வேறு மாதிரி பட்டது.

ஆஸ்பத்திரியில் ஃபினாயில் வாசனையும் இருமல் மருந்தின் இனிப்பு வாசனையும் கலந்து கிடந்தன. மருந்துக்கு நாமே பாட்டில் கொண்டுபோக வேண்டும். பெரியம்மா கழுவிக் கொடுத்த பழைய சாஸ் பாட்டில் என் மடியில் இருந்தது. மெடிக்கல் புக்குக்கு பிரவுன் அட்டை போட்டு, அதன்மேல் பால் பாக்கெட் கவரை வெட்டி உறை தைத்திருந்தார்கள். முதல் பக்கத்தில் மூன்று பெயர்கள். மூன்றாவதான அண்ணன் பெயருக்கு எதிரே சிவப்பு மையில் இரண்டு ஆங்கில வார்த்தைகள் எழுதி அடிக்கோடு போட்டிருந்தது.

டாக்டரம்மா என் சட்டையை விலக்கி ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். இடது பக்கத்தில் வைத்தவர் எடுக்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இரும்பு குளிர்ந்தது.

"மூச்சு வாங்குதா?"

"இல்லம்மா," என்றார் பெரியப்பா.

வாங்கியது. அண்ணனூர் ஸ்டேஷன் படிக்கட்டில் பாதியிலேயே வாங்கியது. ஆனால் பெரியப்பா என்னோடு அந்தப் படிக்கட்டு ஏறியதில்லை.

"பசி எடுக்குதா?"

"நல்லா துன்னுவாம்மா. ரெண்டு ஆள் சாப்பாடு."

அது அண்ணன்.

"வயசுக்கு எடை ரொம்பக் கம்மியா இருக்கே. பதிமூணு வயசுன்னு போட்டிருக்கு. வீட்ல முட்டை, பால் ஏதாவது குடுக்கிறீங்களா?"

பெரியப்பா தலையைக் குனிந்துகொண்டார். இந்தக் கேள்வி குவாட்டர்ஸுக்குப் போய்ச் சேர்ந்தபோது பெரியம்மா ஒரு வாரம் கொதித்தாராம். "எம் புள்ளைக்கு நான் சோறு போடலன்னு எழுதி வெச்சிகினாளா அந்த டாக்டரு?"

பிறகு டாக்டரம்மா முதல் பக்கத்தைத் திருப்பினார். பேனா அந்தச் சிவப்பு எழுத்தில் நின்றது.

"பென்சிலின் ஒத்துக்காதுன்னு இருக்கே. என்ன ஆச்சு?"

"நாலு வயசுல ஊசி போட்டு மூஞ்சி முழுக்க வீங்கிடுச்சும்மா. மூச்சே உட முடியல. செத்துப் பொயச்சான்."

அன்று பெரியப்பா சொன்ன ஒரே உண்மை அதுதான். அது அவருடைய மகனைப் பற்றிய உண்மை. சொல்லும்போது தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினார். எந்தப் பிள்ளைக்காக அந்தக் கேள்வி கேட்கப்பட்டது என்பது அந்த நொடியில் அவருக்கு மறந்துவிட்டது என்று நினைக்கிறேன். எனக்கோ அதுவும் பாடத்தின் ஒரு பகுதி என்று தோன்றியது.

"அப்ப மாத்திரைதான் வழி," என்றார் டாக்டரம்மா. "காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. ஒரு வேளை கூட விடக்கூடாது. வருஷக்கணக்கா சாப்பிடணும். புரியுதா?"

"சரிம்மா."

எதற்காக வருஷக்கணக்கில் என்று அவர் கேட்கவில்லை. எனக்கு வாய் திறக்க அனுமதி இல்லை.

அந்த மாத்திரை என் வயிற்றைப் பிடுங்கி எடுத்தது. விழுங்கின அரை மணியில் எரியும், குமட்டும், பாதி நாள் வாந்தி. இரண்டு வாரத்தில் மூட்டு வீக்கம் முழுக்க வற்றியது. அம்மா அதைப் பார்த்தாள், வாந்தியையும் பார்த்தாள், தானாக ஒரு முடிவுக்கு வந்தாள்.

"மாத்திர சூடு. காத்தால ஒண்ணு போதும். கால் நல்லாதானே கீது?"

"டாக்டரம்மா ரெண்டு வேளைன்னாங்களே."

"அவங்களா வந்து வாந்தி அள்றாங்க?"

 கொஞ்ச நாளில் காலை மாத்திரையும் வாரத்துக்கு நான்கு நாள் என்றாயிற்று.

ஆனால் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. இரண்டாவது முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது, பெரியப்பா மருந்து வரிசையில் நின்ற நேரத்தில் புத்தகத்தைத் திறந்து நோயின் பெயரை ஒவ்வொரு எழுத்தாக உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். மறுநாள் அறிவியல் சாரிடம் கையை நீட்டினேன். பாதி எழுத்து வேர்வையில் அழிந்திருந்தது. மீதியை அவரே கண்டுபிடித்தார்.

"இது யாருக்குடா?"

"எங்க அண்ணனுக்கு சார்."

புத்தகத்தில் இருந்ததைத்தான் சொன்னேன்.

சார் மேசைமேல் விரலால் ஓர் இதயம் வரைந்தார். "தொண்டையில ஒரு கிருமி வருது. உடம்பு அதை அடிக்கப் போய், ஆள் தெரியாம மூட்டையும் இதயத்தையும் சேர்த்து அடிச்சிடுது. மூட்டு சரியாயிடும். இதயத்துக்குள்ள வால்வுன்னு இருக்கு, கதவு மாதிரி. அது கெட்டா ரத்தம் பின்பக்கமா ஒழுகும். தொண்டை வலி வர்றப்பல்லாம் திரும்ப வரலாம், ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் கெடும். அது வராம இருக்கத்தான் வருஷக்கணக்கா மருந்து. உங்க அண்ணனைப் பத்திரமா பாத்துக்கோ."

வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் அண்ணனை நினைத்துப் பாவமாக இருந்தது. ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டி போகட்டும் என்று நின்றேன். அப்போதுதான் அது நான் என்று உறைத்தது.

அடுத்த முறை ஆஸ்பத்திரி பெஞ்சில் என் பக்கத்தில் ஒரு ரெட்டை ஜடைப் பெண் உட்கார்ந்திருந்தாள். குவாட்டர்ஸ் பெண். என் வயதுதான். ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"இப்பதான் ஊசி போட்டாங்க," என்றாள். "மூணு வாரத்துக்கு ஒருக்கா. ரெண்டு நாளைக்கு உக்கார முடியாது. உனக்கு இன்னா?"

"மூட்டு வலி. ஒரு காலுக்கு வந்துட்டு இன்னொரு காலுக்குப் போவும். மாத்திர தர்றாங்க."

"எனக்கும் அதேதான். ஊசி போட ஆரமிச்சப்புறம் வரவேயில்ல. உனக்கு ஏன் மாத்திர?"

அவளுடைய கேள்வியை எடுத்துக்கொண்டு நேராக ஊசி போடும் நர்சம்மாவிடம் போனேன். அவர் தெற்கே நாகர்கோவில் பக்கத்துக்காரர்.

"எனக்கு ஏன் அந்த ஊசி இல்ல?"

"என்னல இது, ஊசி வேணும்னு வந்து கேக்க? மத்த புள்ளையோ ஊசியக் கண்டா ஓடுது." சிரித்துக்கொண்டே என் கையிலிருந்த புத்தகத்தை வாங்கிச் சிவப்பு எழுத்தில் விரலை வைத்தார். "இந்தா போட்டிருக்கில்லா, ஒனக்கு அந்த ஊசி ஆவாது. போட்டா உயிருக்கே ஆபத்து."

எனக்கு. நான் அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

திரும்பும்போது மொபெட்டில் கேட்டேன். "பெரியப்பா, ஊசி ஒத்துக்காதது எனக்கா அண்ணனுக்கா?"

அவர் வண்டியை முறுக்கினார். குமணன்சாவடியில் ஏதோ வேலை இருக்கிறது என்று என்னையும் கூட்டிக்கொண்டு அந்த வழியாகப் போனார். ஜங்ஷனில் லாரிகளுக்கு நடுவே நின்றபோது மறுபடி கேட்டேன்.

"வாய மூடிகினு உக்காரு."

என்னிடம் அவர் அந்தக் குரலில் பேசியது அதுதான் முதல் தடவை.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் நான்கு பெரியவர்களும் உட்கார்ந்தார்கள். நான் பாயில் படுத்துத் தூங்குவதுபோல் கிடந்தேன்.

"இப்ப போயி இது எம் புள்ள இல்லன்னு சொன்னா வேல காலி. வேல போனா குவாட்டர்ஸ் காலி," என்றார் பெரியப்பா. "ரெண்டு குடும்பமும் தெருவுல நிக்கணும். அந்த நோய்க்குத்தானே மாத்திரயும் குடுக்குறாங்க?"

"மாத்திரல தானே கால் நல்லாச்சு," என்றாள் அம்மா.

"பெரிய ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போலாம்," என்று இழுத்தார் பெரியம்மா.

"அந்தக் கூட்டத்துல நின்னே இவன் ஓய்ஞ்சிடுவான். இங்க எவ்ளோ நல்லா பாக்குறாங்க? நீ இன்னாடா சொல்ற?" என்று அப்பாவின் பக்கம் திரும்பினார் பெரியப்பா.

அப்பா தோளில் மூட்டை தூக்கிக் காய்த்துப்போன இடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "நீ சொன்னா சரிதான் அண்ணே," என்றார்.

நான் கண்ணைத் திறக்கவில்லை. அன்று முதல் அப்பாவுடன் பேசுவதைக் குறைத்துக்கொண்டேன். அவர் அதைக் கவனித்ததாகக்கூட எனக்குத் தெரியவில்லை.

மார்கழி தொடக்கத்தில் மறுபடி தொண்டை வலி வந்தது. போகிக்கு முந்தின வாரம் இரண்டு முட்டியும் ஒன்றாக வீங்கின. இந்த முறை ஸ்டேஷன் படிக்கட்டில் நான்காவது படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் சட்டைக்குள் இதயம் துள்ளுவதை எதிரே இறங்கி வந்த ஆள் நின்று பார்த்தார்.

டாக்டரம்மா முன்பைவிட அதிக நேரம் கேட்டார். ஸ்டெதஸ்கோப்பை எடுத்தபோது அவர் முகம் மாறியிருந்தது.

"மாத்திரை ஒழுங்கா குடுத்தீங்களா?"

"குடுத்தோம்மா."

"அப்ப ஏன் திரும்ப வந்துது? முதல் தடவை இருந்ததைவிட இப்ப இரைச்சல் ஜாஸ்தியா கேக்குது. இன்னொரு தடவை வந்தா..." என்று சொல்லி நிறுத்தினார். பெரியப்பா ஒன்றும் கேட்கவில்லை. டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "தம்பி, நீ பேசவே மாட்டேங்கறியே. உனக்கு ஏதாவது கேக்கணுமா?"

என் தோளில் பெரியப்பாவின் கை இருந்தது. அந்தக் கையின் கனம் எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. குவாட்டர்ஸ், மொபெட், அண்ணனின் பள்ளிக்கூடம் எல்லாம் அதில் இருந்தன. தைரியத்தால் கேட்டேன் என்று சொன்னால் அது பொய். சார் சொன்ன கதவு எனக்குள் உடைந்துகொண்டிருந்தது. பயத்தில்தான் கேட்டேன்.

"ஊசி ஒத்துக்காதது நான் இல்லீங்க. அது எங்க அண்ணன். எனக்கு அந்த ஊசி போடலாமா?"

தோளிலிருந்து கை விலகியது.

டாக்டரம்மா நர்சம்மாவை வெளியே போகச் சொன்னார். புத்தகத்தை மூடினார். பெரியப்பாவின் பக்கம் திரும்பினார்.

"இது யார் பையன்?"

"என் தம்பி பையம்மா."

"மூணு மாசமா நான் யாருக்கு மருந்து எழுதிக்கிட்டு இருக்கேன்?"

பெரியப்பா எழுந்து நின்றுகொண்டார். அவ்வளவு பெரிய ஆள் கையைக் கட்டி நிற்பதைப் பார்க்க என்னால் முடியவில்லை.

"உங்க பையன் பேர்ல இவனுக்கு நான் எழுதினதைப் பாத்து, ஒரு அவசரத்துல யாராவது உங்க பையனுக்கு... இல்ல, வேணாம்," என்றார் டாக்டரம்மா. "இவன் அப்பா எங்க?"

"கேட்டாண்ட நிக்கிறாம்மா."

"மூணு மாசமாவா?"

"நாங்க வரும்போதெல்லாம் அங்கதாம்மா நிப்பான்."

அவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து என் உண்மையான பெயரைக் கேட்டார். சொன்னேன். பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதினார். மறுநாள் அண்ணனை அழைத்து வரச் சொல்லி, அவன் நெஞ்சைச் சோதித்து, 'இப்போது நோய் எதுவும் இல்லை' என்று புத்தகத்தில் ஒரு வரி எழுதினாராம். அவர் ஏன் மேலே புகார் கொடுக்கவில்லை என்று எனக்குத் தெரியாது. நான் கேட்காமல் விட்ட கேள்விகளில் அதுவும் ஒன்று.

பெரியப்பாவின் வேலை தப்பியது. அவர் என்னோடு பேச ஒன்றரை வருடம் ஆயிற்று. பேசத் தொடங்கிய பிறகும் அந்த நாளைப் பற்றி மட்டும் பேசியதில்லை. பெரியம்மா வெகுநாள் என்னை 'காட்டிக் குடுத்தவன்' என்று சொன்னதாக அம்மா சொல்லியிருக்கிறாள். அண்ணன் மட்டும்தான் அதைச் சிரிப்பாக்கினான். "டேய், மூணு மாசம் என் ஹார்ட்ட ரிப்பேர்ல வெச்சிருந்தியே, வாடகை குட்றா," என்பான். இன்றுவரை சொல்கிறான்.

தை பிறந்ததும் அப்பா என்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். கல்யாணங்களுக்குப் போடும் சட்டையைப் போட்டிருந்தார். சீட்டு எழுதும் இடத்தில் பெயர் கேட்டார்கள். அப்பா என் பெயரைச் சொன்னார், பக்கத்து வரிசைக்கும் கேட்கும்படி. நான் கணக்கு நோட்டிலிருந்து கிழித்த தாளில் ஏழு கேள்விகள் எழுதி வைத்திருந்தேன். அப்பா கேட்கமாட்டார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். கடைசிக் கேள்வியை மட்டும் வேறு யாரும் படிக்காதபடி ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன்.

அரை நாள் வரிசை. பல்ஸ் பார்த்தார்கள், நெஞ்சுக்கு ஸ்கேன் படம் எடுத்தார்கள், பிறகு ஒரு டாக்டரிடம் அனுப்பினார்கள். இளம் வயதுக்காரர், களைத்திருந்தார்.

"பையனுக்கு நீங்க?"

"அப்பாங்க."

அதைச் சொல்லிவிட்டு அப்பா ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். டாக்டர் படத்தைப் பார்த்தார். ஒரு வால்வு ஒழுகுகிறது என்றார், இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம் என்றார், மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஊசி என்றார், முதலில் தோலில் கொஞ்சம் குத்திப் பார்த்துவிட்டுத்தான் போடுவோம் என்றார். சீட்டைக் கிழித்து நீட்டினார். கதவருகே நின்றவர் அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

நான் தாளைப் பிரித்தேன். அதற்குள், "ஒண்ணு கேக்கலாங்களா?" என்றது அப்பாவின் குரல்.

"சொல்லுங்க."

"ஸ்டேஷன் படிக்கட்டுல பாதியில நின்னுடறான். தூக்கிகினு போணுமா, நின்னு நின்னு ஏற உடலாமா?"

நின்று நின்று ஏறட்டும் என்றார் டாக்டர்.

"அந்த மாத்திர துன்னா வாந்தி எடுக்குறான்னு அவங்கம்மா பாதி நாள் குடுக்கல. அதனாலதான் திரும்ப வந்துச்சா?"

அதுவும் காரணமாக இருக்கலாம் என்றார் டாக்டர். அப்பா தலையாட்டினார். அதை அவர் அம்மாவிடம் கடைசிவரை சொல்லவில்லை.

"பள்ளிக்கூடத்துல ஓட உடலாமா? குளிர் தண்ணில குளிக்கலாமா?" என்றார். பிறகு, "ராத்திரில தூங்கசொல்ல நெஞ்சு படபடன்னு அடிக்குது. நான் டெய்லி காத வெச்சிக் கேட்டுகினுதான் கீறேன். மொதல்ல அடிக்கிற சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு. இப்ப ஒரு மாசமா நடுவுல உஸ்ஸுன்னு இன்னொண்ணு வருது. அது இன்னாங்க?"

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "காதை வெச்சா கேட்டீங்க?"

"ஆமாங்க. இவன் தூங்கினப்புறம்."

எனக்கு அது தெரியாது. நான் தூங்குவதாக நினைத்து அவர் என் நெஞ்சில் காதை வைத்திருக்கிறார், நிஜமாகவே தூங்கிக்கொண்டிருந்திருக்கிறேன். கேட்டுக்கு வெளியே நின்ற மூன்று மாதமும் இவ்வளவும் அவருக்குள் சேர்ந்துகொண்டிருந்திருக்கிறது. உள்ளே வந்து கேட்பதற்கு அந்த ஆஸ்பத்திரியில் அவர் எனக்கு அப்பா இல்லை.

டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை எடுத்து அப்பாவின் காதில் மாட்டி, அதன் வட்டத்தை என் நெஞ்சில் வைத்தார். "இதுதானே நீங்க கேட்டது? இதுதான் ஒழுகற சத்தம்." அப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார். அவர் கண்ணை நான் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காதிலிருந்து அதைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, குரலைத் தாழ்த்தாமல், என் தாளில் ஏழாவதாக இருந்ததை அவர் கேட்டார்.

"இவன் இருப்பானாங்க?"

"ஊசியை விடாம போட்டா நல்லா இருப்பான். விட்டுட்டா என்னால சொல்ல முடியாது."

"எது வரைக்கும் போடணும்?"

"இருபத்தஞ்சு வயசு வரைக்குமாவது. அதுக்கப்புறம் பாத்துச் சொல்வாங்க."

"இட்டுகினு வந்துடுவேன்," என்றார் அப்பா.

வெளியே வரிசை முணுமுணுத்தது. கதவருகே நின்றவர் உள்ளே வந்து, "எழுந்திருப்பா, ஜனம் நிக்குது பாரு," என்று அப்பாவின் தோளைத் தட்டினார். அப்பா ஸ்டூலின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு டாக்டர்," என்றார்.